இருபத்திரண்டாவது படம்

கடிதம் வந்தபோது நான் ஒரு மாப்பிள்ளையின் காதை நேராக்கிக்கொண்டிருந்தேன். வலது காது இடது காதைவிட ஒரு நூலளவு வெளியே தள்ளியிருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்காது. கட்டிக்கொண்டவளுக்கும் இன்னும் சில மாதங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தக் காது அப்படியே இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. திரை முழுக்கப் பெரிதாக்கிய காதுக்குள் நான் மெல்ல நடந்துபோய்க்கொண்டிருந்த நேரத்தில் முதலாளி ஓர் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உன் வீட்டுக்காரன் ஊர் முத்திரை போட்டிருக்கு, ரப்பர். நல்ல சேதியாத்தான் இருக்கும், பிரி."

என் பெயர் ரப்பர் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் கிறுக்கலை அழிக்க வைத்திருப்பார்களே, அந்த ரப்பரின் வேலையை ஒன்பது வருடமாக இந்த ஸ்டூடியோவில் பார்ப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணப் படங்கள் என் கைக்கு வரும்போது அவற்றில் உலகமே இருக்கும். முகப்பரு, வியர்வை, பின்னால் நின்று மூக்கைக் குடையும் பெரியப்பா, மின்சார வயர், யாரோ நாற்காலியில் விட்டுப்போன குடை. ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். எடுத்த இடத்தில் பக்கத்துச் சுவரையோ வானத்தையோ கொஞ்சம் இழுத்து மூடினால் போதும், அங்கே எதுவும் இருந்த சுவடே இருக்காது. சில மதியங்களில் கை தன்பாட்டுக்கு வேலை செய்ய, மனசு எங்கேயோ போய்விடும். நான் எடுத்துவிட்டதெல்லாம் ஏதோ ஓர் ஊரில் போய்ச் சேர்ந்திருப்பதாகத் தோன்றும். அங்கே சுவருக்குச் சுவர் குடைகள் சாய்ந்திருக்கின்றன. பெரியப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து நிம்மதியாக மூக்கைக் குடைகிறார்கள். யாரும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. அந்த ஊருக்கு எனக்கு மட்டும்தான் வழி தெரியும் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

என் வீட்டுக்காரனும் இந்த ஸ்டூடியோ வழியாகத்தான் எனக்கு வந்தான். லிஃப்ட் மெக்கானிக். பிறந்து வளர்ந்ததெல்லாம் வேறு நாடு. தமிழ் அவனுக்கு வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு மாதிரி, வெளியே போட்டுப் பழக்கமில்லை. புதிதாகக் கட்டிய மருத்துவமனைக்கு லிஃப்ட் மாட்ட அவனுடைய கம்பெனி அனுப்பியிருந்தது. தங்கும் அனுமதியை நீட்டிக்க ஒரு போட்டோ வேண்டும் என்று வந்து உட்கார்ந்தான். சிரிக்கக்கூடாது என்றேன். அதற்கே சிரித்தான். ஏழு முறை எடுக்க வேண்டியிருந்தது. மறுவாரம் போட்டோ தொலைந்துவிட்டது என்று வந்து நின்றான். அதற்கடுத்த வாரமும் தொலைத்தான். முதலாளிதான் கல்லாவில் இருந்தபடி, "இவன் தொலைக்கிறது போட்டோவ இல்ல" என்றார்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அதன்பின் ஐந்து மாதம் ஒரே அறையில் குடித்தனம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிறவனுக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. மருத்துவமனை வேலை முடிந்தது, அவனுடைய அனுமதியும் முடிந்தது, அவன் போனான். மூன்றே மாதத்தில் நீ அங்கே இருப்பாய் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு வருடம் ஆகப்போகிறது. என் காலை அவனுக்கு மதியம். அவன் குளிக்கும் சத்தத்தைப் போனில் கேட்டுக்கொண்டே நான் பல் தேய்க்கிறேன். குடும்பம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று சில நாள் நம்பிவிடுவேன். பிறகு ஏதாவது ஒரு சாதாரண நேரத்தில், ஈரத்துணியைப் பிழிய இன்னொரு முனையைப் பிடிக்க ஆளில்லாதபோது, அந்த நம்பிக்கை கலைந்துவிடும்.

மனைவியை அழைத்துக்கொள்ள அவனுடைய நாடு கேட்ட காகிதங்கள் ஒரு கட்டு. அதில் ஒன்று, சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் படங்கள். கல்யாணத்தன்று தொடங்கி அவன் கிளம்பிய நாள் வரைக்கும் இருபத்திரண்டு தேறின. அனுப்புவதற்கு முன்னால் அவற்றைக் கொஞ்சம் சுத்தம் செய்தேன். அதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. விருந்தாளி வருவதற்குமுன் வீட்டைப் பெருக்க மாட்டோமா, அந்த மாதிரி. சுத்தம் செய்ததை அசல்மேலேயே சேமித்தேன். எங்கள் ஸ்டூடியோவில் அதுதான் வழக்கம், இல்லாவிட்டால் கணினியில் இடம் போதாது. தன் பழைய காதைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த மாப்பிள்ளையும் இதுவரை வந்து நின்றதில்லை.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: அனுப்பிய படங்கள் மாற்றப்பட்டவை. ஆகவே திருமணத்தின் உண்மைத்தன்மை சந்தேகத்துக்குரியது. நேரில் வந்து விளக்கவும். போலி என்று முடிவானால் ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

உடனே அவனைக் கூப்பிட்டேன். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் இருந்தான். கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன்.

"மாத்தினியா?" என்றான்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொடில காயுற துணி, வாளி. உன் தோள்ல இருந்த காக்கா எச்சம். உன் கண்ணுக்குக் கீழ கருப்பு."

"என் கண்ணுக்குக் கீழ கருப்பு இருந்தா அவங்களுக்கு என்ன?"

"எனக்கு நல்லாயில்ல."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அஞ்சு வருஷம்னா எனக்கு நாப்பது ஆயிடும் என்றான், கணக்கு எனக்குத் தெரியாததுபோல. பின்னால் ஒரு சக்கரம் சுற்றி ஓய்ந்தது. என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவனுடைய நாட்டின் விசா அலுவலகத்துக்குப் போன அன்று மழை வருவது மாதிரி இருந்து வராமல் நின்றது. எட்டாவது மாடி. லிஃப்ட் கதவு மூடியதும் பழக்கத்தில் மூலையில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தேன், அவனுடைய கம்பெனி இல்லை. அதிகாரி கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு பெண்மணி. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர், ஓய்வுபெறும் வயது, சட்டைப்பையில் மூன்று பேனா. மேசைமேல் என் இருபத்திரண்டு படங்களும் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பியிருந்தன. அதிகாரி ஆறாவது படத்தை என் பக்கம் நகர்த்தி, பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டார்.

எங்கள் அறையில் எடுத்த படம். நானும் அவனும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறோம், எங்களுக்குப் பின்னால் வெறும் சுவர், அவ்வளவு சுத்தம். ஆனால் பக்கத்து அலமாரியின் கண்ணாடியில் ஒரு துணிக்கொடியும், அதில் என் நைட்டியும் அவனுடைய இரண்டு பனியன்களும் தொங்கிக்கொண்டிருந்தன. அறையில் இல்லாத கொடி கண்ணாடியில் மட்டும் இருந்தது. ஒன்பது வருட வேலைக்காரி, கண்ணாடியை விட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது தொழில் வெட்கம்தான்.

"இதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேக்கிறாங்கம்மா."

"எங்க துணிதான் சார் அது. நான்தான் எடுத்தேன்."

"மத்த படத்துலயும் எடுத்திருக்கீங்களா?"

"எல்லாத்துலயும்."

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். இதை அப்படியே சொல்லவா என்று கேட்பதுபோல இருந்தது. பிறகு சொன்னார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்தில் விரலை வைத்தார். என்னென்ன என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். பதிவு அலுவலக வாசல், இங்கே தோளில் காக்கை எச்சம், நல்ல சகுனம் என்று அவன் துடைக்க விடவில்லை. இந்த ஓரத்தில் ஒரு முழங்கை, எங்களுக்குப் பிறகு கையெழுத்துப் போடக் காத்திருந்த ஜோடியில் அந்தப் பெண்ணுடையது, கையில் பச்சை வளையல். மூன்றாவதில் ஜன்னல் கம்பியில் ஒரு கடுதாசி செருகியிருந்தது, தண்ணீர் வராத நாட்களை அதில்தான் குறித்துவைப்போம். நான்காவதில் அவனுடைய கட்டைவிரலில் கட்டு, கதவிடுக்கில் நசுங்கியது, அந்த வாரம் முழுக்க நான்தான் பிசைந்து ஊட்டினேன். ஒன்பதாவதில் எனக்கு உதட்டில் காய்ச்சல் கொப்புளம். சொல்லச்சொல்ல அந்த அறை என்னைச் சுற்றி எழும்பிக்கொண்டே வந்தது. வாளி அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கொடியில் துணி சொட்டியது. எட்டாவது மாடியில் இருக்கிறேன் என்பது மறந்து, மூன்றாவது மாடியில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் மொழிபெயர்ப்பாளர், "கொஞ்சம் மெதுவாம்மா, வாளிய இன்னும் நான் சொல்லல" என்றார்.

கடைசிப் படம் வந்தது. விமான நிலையத்தில் அவன் தனியாக நிற்கிறான். ஒரு கை பெட்டியின் பிடிமேல். முகத்தில் அழகான சிரிப்பு.

அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சேர்ந்து இருந்த படம்தான் கேட்டோம். இதுல அவர் மட்டும்தான இருக்காரு, இத எதுக்கு வெச்சீங்கங்கறாங்க."

"நானும் இருந்தேன் சார்."

"எங்க?"

"அவர் கைக்குக் கீழ. பெட்டிமேல இருக்கிற கை என் தோள்மேல இருந்துச்சு. நான் அழுது மூஞ்சி கண்றாவியா இருந்துச்சு. அவர் சிரிப்பு மட்டும் நல்லா வந்திருந்துச்சு. அதான் என்னை எடுத்துட்டேன்."

அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. ஒரு பேனாவை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். நான் பேசியதைவிட அது மிகவும் குறைவாக இருந்தது. நான்கு வார்த்தை இருக்குமோ என்னவோ. அதிகாரி படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், எழுதினார். எழுதிக்கொண்டே பேசினார்.

"நீங்க சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டாங்க. ஆனா சொன்னத வெச்சு முடிவெடுக்க முடியாதாம். நீங்க ரெண்டு பேரும் இருக்கிற அசல் படம் ஒண்ணாவது வேணும். இருபது நாள்."

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் ஒன்றுகூட இல்லை. அந்தப் படங்களெல்லாம் இருந்த அவனுடைய பழைய போன் போன வருடமே லிஃப்ட் குழிக்குள் விழுந்து, அவன் கண்முன்னாலேயே நசுங்கியது. அழித்ததெல்லாம் போய்ச் சேரும் அந்த ஊருக்கு எனக்கு மட்டும்தான் வழி தெரியும் என்று பெருமைப்பட்டேனே, போகத்தான் வழி தெரியும். அங்கிருந்து எதையாவது கூட்டிக்கொண்டு வர எனக்கு எங்கே தெரியும்? அந்தக் கண்றாவி மூஞ்சியை நினைத்து, என் வாழ்க்கையில் முதல்முறையாக, அது வேண்டும் என்று ஏங்கினேன்.

பதினொரு நாள் அவனும் நானும் யார்யாரையோ கேட்டோம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட சாட்சியைக் கேட்டோம். நாங்கள் குடியிருந்த அறையின் சொந்தக்காரரைக் கேட்டோம். அவர் எங்கள் படம் ஒன்றும் இல்லை, தண்ணீர்த் தொட்டிப் படம் இருக்கிறது என்றார். பன்னிரண்டாம் நாள் காலை என் போன் அடித்தது. என் நாத்தனார், அவனுடைய அக்கா. எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். அதற்குமுன் என்னோடு மொத்தமாகப் பத்து நிமிடம் பேசியிருந்தால் அதிகம்.

"தம்பி சொன்னான். அன்னைக்கு ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பிட்டேன்னு சொல்லி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். தேடிப் பாத்தேன், இருக்கு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்ப பாத்துட்டு சிரிச்சேன்மா. செத்தா போறான், இந்தப் பொண்ணு எதுக்கு இப்படி அழுறான்னு. அப்புறம் எத்தனையோ படத்த அழிச்சேன், இத அழிக்க மனசு வரல. ஏன்னு கேக்காத." சட்டென்று பேச்சை மாற்றினார். "அனுப்புறேன். சாப்டியா?"

சாப்பிட்டேன் அண்ணி என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

படம் வந்து சேர்ந்ததும் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்தேன். எங்கள் ஸ்டூடியோ அச்சு இயந்திரம் ஒரே முறையில் படத்தைத் தராது. தாளை உள்ளே இழுத்து முதலில் மஞ்சளை மட்டும் பூசி நீட்டும், திரும்ப இழுத்துக்கொண்டு சிவப்பு, அப்புறம் நீலம். முதல்முறை தாள் வெளியே வந்தபோது வெளிர்மஞ்சளில் இரண்டு பேர் நிற்பது மட்டும் தெரிந்தது. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டால் இமைக்குள் தெரியுமே, அவ்வளவுதான். தாள் உள்ளே போயிற்று. முதலாளி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். இரண்டாவது முறை வந்தபோது அவன் இன்னும் பாதி ஆளாகத்தான் இருந்தான். நான் வந்துவிட்டிருந்தேன். மூக்கு சிவப்பு, கண் சிவப்பு, கோணிய வாய், அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கும் விரல் முட்டிகள் சிவப்பு. என் தோள்மேல் அவனுடைய கை. அனுப்பிய படத்தில் நான் அவ்வளவு ரசித்த சிரிப்பு, பக்கத்தில் நான் இருக்கும்போது சிரிப்பாகவே இல்லை. அழாமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூக்க மட்டும் லேசா..." என்று முதலாளி பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

நீலத்துக்காகத் தாள் மறுபடி உள்ளே போனது. இயந்திரத்தின் வாயருகே இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றேன்.