பள்ளம் விழுந்த பட்டடைக்கல்

இரும்பை வைத்து அடிக்கக் கொல்லன் வாங்கி வந்த பழைய பட்டடைக்கல், வளைந்த எதையும் தானாகவே நிமிர்த்தியது. கதவுக் கொக்கியோ குடைக் கம்பியோ, அதன் நடுப்பள்ளத்தில் மாலையில் வைத்துவிட்டுப் போனால் காலையில் நேராகக் கிடக்கும். சுத்தியல் தேவைப்படவில்லை. தெருக்காரர்கள் முதல் வாரம் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வாரம் கோணல் கரண்டிகளோடு வந்தார்கள். அதற்கடுத்த வாரம், “இன்னுமா ஆகலை?” என்று அலுத்துக்கொண்டார்கள்.

பழைய இரும்புக் கடையில் தார்ப்பாய் பறக்காமலிருக்க அதைத் தூக்கி மேலே வைத்திருந்தார்கள். துருவும் காய்ந்த பெயிண்டும் மூடிக் கிடந்ததால் அது இன்னதென்று கடைக்காரருக்கே தெரியாது. கொல்லன் சட்டைப் பையிலிருந்து சைக்கிள் சக்கரத்து பால்ரஸ் குண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் போட்டான். குண்டு எகிறி, விட்ட கைக்கே ஏறக்குறைய திரும்பி வந்தது. மேல்தகடு நல்ல எஃகு என்று புரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் உடைசல் விலைக்கே வாங்கி வந்தான். மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தெரிந்தது. கீழே சாதா இரும்பு, மேலே இரண்டு விரல் கனத்துக்கு எஃகு. யார் யாரோ அடித்து விழுந்த நடுப்பள்ளத்தில் மட்டும் எஃகு காகிதமாகத் தேய்ந்திருந்தது.

அவன் மனைவி தையற்காரி. தையற்காரியாக இருந்தாள் என்று சொல்ல வேண்டும். உலைக்கு ஆள் வராத ஒரு நாள் இடுக்கி பிடிக்க வந்தாள். பழுத்த கம்பி நழுவியபோது, “விட்டுடாதே, பிடி!” என்று கத்தினான். பிடித்தாள். புருஷன் பேச்சைத் தட்டாதவள் என்று பெயர் வாங்கினாள். வலது கை வெந்து, விரல்கள் மடங்கி மூடிக்கொண்டது. பட்டடைக்கல் வந்த பிறகு தினமும் மாலையில், சூடு ஆறாத பள்ளத்தில் அந்தக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சுண்டுவிரல் நிமிர்ந்தது, அடுத்ததில் மோதிர விரல். ஊசி பிடிக்க வேண்டிய மூன்றும் இன்னும் மடங்கியே இருந்தன. ஆனாலும் அவள் தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டாள், கத்திரிக்கோலைச் சாணை பிடித்து வைத்தாள்.

அவளுடைய அண்ணன் பக்கத்துத் தெருவில் இரும்பு சீவும் மிஷின் பட்டறை வைத்திருந்தான். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, “என்ன மாப்ளே, பட்டடைன்னு சொல்லி மாட்டுத் தொட்டியை வச்சிருக்கீங்க? நம்ம மிஷின்ல போட்டா கண்ணாடியாட்டம் ஆக்கித் தர்றேன்” என்றான். கொல்லனுக்குச் சுருக்கென்றது. கூடவே ஓர் ஆசையும் வந்தது: கோணல் கல்லே இரண்டு விரலை நிமிர்த்தினால், மட்டமாக்கிய கல் மிச்சத்தை ஒரே நாளில் நிமிர்த்திவிடாதா? “அது பாட்டுக்கு இருக்கட்டுங்க, தொடாதீங்க” என்றாள் மனைவி. “இரும்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டான், பழுத்த கம்பியைக் கையில் பிடித்தவளிடம். பள்ளம் மறையும்வரை சீவினால் எஃகு மொத்தமும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆசை கண்ணை மறைத்தது. கல் முகம் பார்க்கும் பளபளப்போடு திரும்பி வந்தது. குண்டைப் போட்டான். அது தொப்பென்று விழுந்து அங்கேயே கிடந்தது.

அன்றிரவு அதன்மேல் வைத்த கோணல் கரண்டி காலையிலும் கோணலாகவே கிடந்தது. அவள் மாலையில் அதனருகே வந்து உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

பட்டறைக்காரர்கள் மிஷினில் சீவிய எஃகுத்தூளை எண்ணெயும் மரத்தூளுமாகக் கூட்டி அள்ளித் தெருமுனைக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். குளிருக்கு அதில் படுத்துப் புரண்ட தெருநாய்களின் வால்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சேதி கேட்டுக் கொல்லன் ஓடிப்போய் இரண்டு கையாலும் கிளறினான். அதற்குள் மழை தூளையெல்லாம் சாக்கடைக்குக் கொண்டுபோயிருந்தது. வெறுங்கையோடு திரும்பியவனை மனைவி வாசலிலேயே பார்த்தாள். ஈட்டி வாலோடு ஒரு நாய் அவர்களைக் கடந்து போனது. “நாய்க்கே நிமிர்ந்திருச்சு பாருங்க” என்று சொல்லிச் சிரித்தாள். கை மூடிக்கொண்ட பிறகு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அந்தத் தெருவில் குட்டிகள் பிறக்கும்போதே நேர்வாலோடுதான் பிறக்கின்றன. வெளியாட்கள் நின்று பார்ப்பார்கள். தெருக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தையல் மிஷினை விற்றாகிவிட்டது. அது இருந்த மூலையில் பட்டடைக்கல்லைப் போட்டு, அதன்மேல் அவள் தண்ணீர்க் குடத்தை இடது கையால் தூக்கி வைக்கிறாள். கல் நல்ல மட்டம். குடம் ஆடாமல் நிற்கிறது.