மயிலாத்தாள் வீட்டுப் பெண்பார்க்கும் படலம்

கிணத்துக்கடவு மயிலாத்தாளுக்கு எவரையும் எளிதில் நம்பும் வழக்கம் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவர் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்ப்பாள்; முகத்தைப் பிறகுதான் பார்ப்பாள். அவள் தோப்பில் காய் வாங்க வரும் தேங்காய் வியாபாரி வழக்கத்துக்கு மேல் ஒரு முறை 'அக்கா' என்று அழைத்துவிட்டால், அன்றைக்கு அவருக்குக் காய் கிடையாது.

1996-ஆம் ஆண்டுச் சித்திரையில், மகள் லோகப்பிரியாவின் பள்ளி விளையாட்டு ஆசிரியை சாயிரா பானு, முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு வந்து நின்றார். பெரியவரின் செருப்பு புத்தம் புதியது. மயிலாத்தாளுக்கு அப்போதே ஐயம் எழுந்தது.

"இவர் திருமலைசாமி ஐயாங்க. லோகப்பிரியாவை ஒருக்காப் பார்க்கோணும்னாருங்க. பார்த்துட்டு மத்ததைப் பேசலாமுங்க."

கொங்குப் பக்கத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் பேச்செடுக்கும் வழக்கம் உண்டு. டீச்சர் எப்போது தரகு வேலையில் இறங்கினார் என்று மயிலாத்தாள் உள்ளுக்குள் பொருமினாள். மகளோ கபடியில் முழங்கால் பிசகி, இனி ஆடவே கூடாதென்று மருத்துவர் சொன்னதிலிருந்து, சரியாக உண்பதுமில்லை; பேசுவதுமில்லை.

"கண்ணு, அந்த வாசல் வரைக்கும் நடந்து வா பார்க்கலாம்" என்றார் பெரியவர்.

அவள் நடந்து வந்தாள். மயிலாத்தாளின் சந்தேகம் உறுதியாயிற்று.

"புள்ளைக்குக் கொரல் எப்படீங்க?"

"அதிர்ந்தே பேசமாட்டாளுங்க" என்று மயிலாத்தாள் முந்திக்கொண்டாள். வந்தவர் யாராயினும் மகளைக் குறை சொல்லிவிடக் கூடாதல்லவா?

"நாலு பேரு எதிர்த்துச் சத்தம் போட்டா?"

"தலையைக் குனிஞ்சுக்குவாளுங்க."

பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப இது சரிப்பட்டு வராதுங்களே, டீச்சர்" என்று எழுந்தார்.

"அடக்கமான புள்ள ஆகாதுன்னா, உங்க பையனுக்கு வாயாடியாப் பார்த்துக் கட்டி வெச்சுக்குங்க."

"எனக்குப் பையனே இல்லீங்க, அம்மணி."

சாயிரா பானு சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். வரும் சனிக்கிழமை சிங்காநல்லூரில் கபடி நடுவர் பயிற்சி தொடங்கவிருக்கிறது. அதை நடத்துபவர் இவர். பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கும் ஆண்களே விசில் ஊதுவதால், தகுந்த பெண்களைத் தேடுகிறார். தேர்வு எழுதித் தேறினால், ஆடாமலேயே களத்தில் நிற்கலாம். வெளியூர்ப் போட்டிகளுக்கும் போகலாம். வீணாக ஆசை காட்டக் கூடாதென்றுதான் முதலிலேயே சொல்லவில்லை.

மயிலாத்தாளின் ஐயம் அடங்கவில்லை. வேறு பக்கம் திரும்பியது.

"ஆட முடியாத புள்ளையை எதுக்குங்க ஊடு தேடி வாரீங்க? ஊருல வேற ஆளே இல்லாமப் போச்சுங்களா?"

"போன வருஷம் பொள்ளாச்சியில நடுவர் தப்பாச் சொன்னப்ப, விதியை எடுத்துச் சொல்லி அவரையே மாத்திச் சொல்ல வெச்சவளுங்க இவ. போட்ட சத்தம் மைதானம் பூரா கேட்டுது" என்றார் சாயிரா பானு.

"அதிர்ந்தே பேசமாட்டான்னு அம்மணி சொல்றாங்களே" என்றார் பெரியவர், நின்றபடியே.

லோகப்பிரியா நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். "அம்மா, நீ சொன்ன பொய்யால போறது பயிற்சியில என்னோட எடம். நீயே மாத்திச் சொல்லிப்போடு."

இத்தனை நாளாக அடைந்து கிடந்த குரல், தென்னந்தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். அந்நியர்முன் தான் சொன்னதைத் தானே பொய்யென்று ஒப்புவது மயிலாத்தாளுக்குக் கசந்தது. இருந்தாலும் ஒப்பினாள்.

"வாய் சாஸ்திதானுங்க. ஊட்டுல என்னையவே பேச விடமாட்டா."

பெரியவர் மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரலீங்க" என்றாள் மயிலாத்தாள் நிதானமாக. "சனிக்கிழமை நானே கூட்டிட்டு வாரேன். முடியற வரைக்கும் அங்கயே உட்கார்ந்திருப்பேனுங்க."