தூக்கம் சேர்த்த ஆடு

நாங்கள் தூக்கத்தைத்தான் சேமிக்கிறோம். சென்னையில் எல்லோரும் அப்படித்தான். ஒன்றாம் தேதியானால் வங்கி எங்கள் தூக்கத்தில் பாதியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். அறுபது வயதில் வட்டியோடு மொத்தமாகத் தரும். அதுவரை மீதியை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும். நடத்துகிறோம், என்னத்தைச் சொல்ல.

என் மனைவி குமுதவல்லிக்குப் போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஆட்டில்தான் போட்டு வைப்பார்கள். மத்தியானம் கண்ணயரும்போது, உலை அரிசியில் ஒரு பிடி எடுத்து வைப்பதுபோல, ஒரு பிடி தூக்கத்தை ஆட்டின் காதில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆடு அசைபோட்டபடி தூங்கிக்கொண்டே இருக்கும். ஆபத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஆபத்து வந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து குமுதவல்லிக்கு அந்தப் பாதித் தூக்கமும் இல்லை. போன வாரம் நின்றபடியே கண் சொருகி, குழந்தையை நழுவவிட்டாள். கீழே அழுக்குத் துணி கிடந்ததால் பிழைத்தது. நான் வங்கிக்குப் போய்க் கெஞ்சினேன்.

"அறுபதுக்கு முன்னாடி எடுத்தா கனவையெல்லாம் கழிச்சுப்போம் சார். அதுக்கே மாசக்கணக்கா ஆகும்" என்றார் மேனேஜர். அவரும் கொட்டாவி விட்டார்.

மைத்துனரின் மனைவி செங்கேணி அக்காவுக்குப் போன் செய்தேன். மறுநாளே ஓர் ஆட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அது தூங்கியபடியே லிஃப்டில் ஏறியது. அதன் காதைக் குமுதவல்லியின் காதோடு ஒட்டிப் பிடித்தார். ஆடு விழித்தது. குமுதவல்லி கண் மூடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது என் போன் ஒலித்தது. அன்றைக்கு ஒன்றாம் தேதி என்பதை மறந்தே போயிருந்தேன். குமுதவல்லியின் பழைய பாக்கிகளுக்கும் சேர்த்துத் தூக்கம் முழுவதும் வரவு வைக்கப்பட்டதாகவும், நன்றி என்றும் வங்கி சொன்னது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"உங்க பேர்ல இருந்தா புடிச்சுக்குவாங்க தம்பி. ஆட்டுக்குப் பேரா இருக்கு?" என்றார் அக்கா.

குமுதவல்லி எழுந்தாள். ஆட்டின் கயிற்றை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். "போலாம் அண்ணி" என்றாள். ஆட்டை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம்.

ஊரில் அக்கா அவளை ஆட்டுக் கொட்டகையில், காலியாக இருந்த முளையில் கட்டினார். கட்டியதுமே தூங்கிப்போனாள். வீட்டிலுள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் காதில் ஒரு பிடி விட்டுப் போனார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தபடி நின்றேன். பொறாமையாக இருந்தது.

"எப்ப எழுப்புவீங்க அக்கா?"

"இப்பதான் சேர ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ள எதுக்குக் கலைக்கணும்? நாளைக்குப் புள்ளைக்கு நல்லது கெட்டது வராதா?"

குழந்தை பசியில் வீறிட்டது. குமுதவல்லி அசைபோட்டாளே தவிர எழவில்லை. போனில் ஆபீஸிலிருந்து செய்தி வந்திருந்தது. ஆடு நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டதாம், நான் அவசரப்பட வேண்டாமாம்.