பட்டுவின் சமத்து

“ஒரு சொட்டுகூட தரையில விடாது மேடம். காலைல அஞ்சரைக்கு வெளிய விட்டா, நான் டூட்டி முடிச்சி வந்து கதவத் தொறக்கற வரைக்கும் அடக்கிக்கினு இருக்கும். அவ்ளோ சமத்து.”

பெருமை பேச நல்ல இடம் பார்த்தாள் ஆரோக்கியசெல்வி. விழுப்புரத்துக் கால்நடை கிளினிக்கின் மேசைமேல் அவளுடைய நாய் பட்டு இரண்டு நாளாக ரத்தமாய்ச் சிறுநீர் போய்த் துவண்டு கிடக்கிறது. இவளோ மெடல் வாங்கின பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் புனிதா எழுதுவதை நிறுத்தினார். “நீங்க வர எத்தினி மணி ஆவும்?”

“ஏழரை ஆயிடும்.”

“பதினாலு மணி நேரம். தண்ணி?”

“நான் வந்துதான் வைப்பேன். பகல்ல குடிச்சா முட்டும் இல்லீங்களா. பாக்கெட்ல வர்ற காஞ்ச தீனிய போட்டுட்டுப் போயிடுவேன்.”

அதற்குக் காரணம் இருந்தது. திண்டிவனத்தில் மாடிப் போர்ஷனுக்குச் சாவி கொடுத்தபோதே வீட்டு ஓனர் கிருஷ்ணசாமி கறாராகச் சொல்லியிருந்தார்: “புது டைல்ஸும்மா. நாய் ஒருதரம் நனைச்சாலும் காலி பண்ணிக்கினு போயிடணும்.” நாயோடு போனவளுக்கு வேறு எவன் வீடு கொடுத்தான்? குடிவந்த வாரம் பட்டு ஒரே ஒரு தடவை நனைத்தது. விளக்குமாற்றால் ஓங்கி ஒன்று போட்டாள். அதற்கப்புறம் நனைக்கவே இல்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். வயிற்றுக்குள் கொட்டைப்பாக்கு அளவில் வெள்ளையாக நாலு உருண்டைகள்.

“மூத்திரப் பையில கல்லு. தண்ணி இல்லாம, மணிக்கணக்கா அடக்கிக்கினு இருந்தா யூரின் கெட்டியாவும், கிருமி சேரும், இப்படித்தான் கட்டிக்கும். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். பொழைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், கல்லடைப்பு நோயாளிகள் படுக்கிற வார்டில் நர்ஸ் அவள். முந்தின நாள்கூட ஒரு பெரியவரிடம், “தண்ணி குடிங்க, அடக்காதீங்கன்னு எத்தினி தடவ சொல்றது?” என்று வள்ளென்று விழுந்திருந்தாள். ஊருக்கெல்லாம் சொன்ன வாய், வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பட்டு பிழைத்தது. பத்தாம் நாள் அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “எந்நேரமும் தண்ணி இருக்கணும். தீனியில தண்ணி ஊத்திக் குழைச்சிக் குடுங்க. நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதரம் வெளிய விட ஆள் பாருங்க. மறுபடி கல்லு வந்தா தாங்காது.”

வீட்டுக்கு வந்ததும் கிண்ணம் நிறைய வைத்தாள். பட்டு மளமளவென்று குடித்தது. கிருஷ்ணசாமி நலம் விசாரிக்க மாடியேறி வந்து நின்றார். அவர் கண்ணெதிரிலேயே பட்டுவின் காலடியில் டைல்ஸ் நனைந்தது. சிறுநீரில் ரத்தம் இல்லை.

பட்டு செல்வியைப் பார்த்தது. காதை மடித்து, தையல் போட்ட வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றைப் பார்த்தபடியே நடுங்கியது. இரண்டு வருஷமாக அவள் ஊரெல்லாம் சொல்லி மெச்சிக்கொண்ட சமத்து இந்தப் பயம்தான்.

ஈரத்திலேயே உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“சமத்து. எஞ்சாமி, இதான் சமத்து” என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “மாசக் கடைசியில காலி பண்ணிக்கறேன் சார். அந்தக் கிண்ணத்த மட்டும் இப்பிடித் தள்ளுங்க, இன்னும் குடிக்கும்போல.”