மூன்று மீட்டர்களும் ஒரு சுவரும்

பழைய கேமராக் கடையின் கண்ணாடி மேசைமேல் கடைக்காரர் ஒரு துணியை விரித்து, அதில் வெளிச்சம் அளக்கும் மூன்று மீட்டர்களை வரிசையாக வைத்தார். ஸ்டியரிங் அக்கா கிட்டத்தில் பார்க்கக் குனிந்தாள். பக்கத்தில் நின்ற அவளுடைய வீட்டுக்காரர் சட்டென்று தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "குனியாத. முதுகு பிடிச்சுக்கும்." அவளுடைய கைப்பை, குடை, கேமராப் பை எல்லாம் அவர் தோளில்தான் தொங்கின. ஊரெல்லாம் குழாய் மாட்டுகிற பிளம்பர், அரை நாள் வேலையை விட்டுவிட்டு மனைவிக்குச் சுமைதூக்கியாக வந்திருந்தார். அவள் முதுகில் ஒரு வலியும் இல்லை. அது அவருக்குத் தெரியாது.

பத்தொன்பது வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறவள் அவள். டிப்போவில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் ஸ்டியரிங் அக்காதான். காய்ச்சல் வந்தால்கூட மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கிறவள், பத்து நாளாக முதுகுவலி என்று சொல்லி லீவில் இருக்கிறாள். வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் தைலம் தேய்த்துவிட்டார். நன்றாக இருந்த முதுகில் அந்தத் தைலம் எரிச்சலைத்தான் கிளப்பியது. "குறையுதா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "பரவால்ல" என்று சொல்லித் தொலைத்தாள்.

உண்மையான பயம் கண்ணைப் பற்றியது. டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில், பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவர்களைப் பிலிம் கேமராவில் படம் எடுப்பது அவளுக்குப் பழக்கம். அந்தக் கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் கிடையாது. அவளும் அதைத் தேடியதில்லை. வெயில், நிழல், பாலத்துக்கு அடியில் வருகிற இருட்டு என்று பஸ்ஸின் முன்கண்ணாடி வழியே நாளெல்லாம் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள். ஒரு முகத்தைப் பார்த்த உடனே ஷட்டர் நொடியில் எத்தனையில் ஒரு பங்கு திறக்க வேண்டும், லென்ஸ் துளை எவ்வளவு என்று எண் வாயில் வந்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தக் கணக்கு திடீரென்று தப்ப ஆரம்பித்தது. மூன்று ரோல்கள் தொடர்ந்து நெகட்டிவ் தார் பூசினாற்போல் கறுத்து வந்தன. அப்படி வந்தால் வெளிச்சத்தை அளவுக்கு மேல் விட்டிருக்கிறாய் என்று அர்த்தம். முதல் ரோலுக்குச் சிரித்தாள். இரண்டாவதுக்குப் பிலிம் கழுவித் தருகிற லேப்காரரைத் திட்டினாள். மூன்றாவதை நீட்டும்போது லேப்காரர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "வெளிச்சம் இருக்கறதவிடக் கம்மியா தெரியுதுபோல உங்களுக்கு. ஒரு தடவ கண்ண காட்டிருங்களேன்."

அவளுக்கு அம்மா நினைவுக்கு வந்தாள். அம்மாவுக்கு ஐம்பது வயதில் அப்படித்தான் தொடங்கியது. "ஏன் லைட்ட இப்படி மங்கலா போட்டு வச்சிருக்கீங்க?" என்று ஒரு வருடம் வீட்டையே நச்சரித்தாள் அம்மா. பிள்ளைகள் கேலி செய்தார்கள். டாக்டரிடம் கூட்டிப்போனபோது கண் நரம்பு பாதிக்குமேல் போயிருந்தது. இவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது. வருகிற பதினாலாம் தேதி டிப்போவில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. கண்ணில் கோளாறு என்றால் அன்றைக்கே ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். அதுகூடப் பெரிதில்லை. அறுபது உயிரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அரைகுறைக் கண்ணோடு ஓட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் மறுநாளே முதுகைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடுவார். டாக்டரிடம் போகத் தைரியம் இல்லாதவள் மீட்டர் கடைக்கு வந்திருந்தாள்.

"சட்டைப் பையில அடங்கணும். விலையும் அடங்கணும்" என்றாள் கடைக்காரரிடம்.

"போன்லயே சும்மா கிடைக்குதே மேடம், அது போதாதா?" என்று தன் வியாபாரத்துக்குத் தானே குழி தோண்டிக்கொண்டார் அவர்.

"அவசரத்துக்கு ஆகும். ஆனா ரெண்டு கையிலயும் எதையாவது வச்சுக்கிட்டு ஆளுங்க முன்னாடி நிக்க முடியாது. போன நீட்டினாலே மூஞ்சி மாறிடுது."

அவர் தலையாட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலாவது பழையது. முன்பக்கம் தேன்கூடு மாதிரிக் கண்ணாடி, உள்ளே ஒரு முள். பேட்டரியே வேண்டாம், வெளிச்சம் பட்டால் முள் நகரும். இரண்டாவது கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், கேமராவின் தலையிலேயே செருகிக்கொள்ளலாம். மூன்றாவதுக்கு மேலே வெள்ளைக் குமிழ். ஆளின் முகத்தருகே கொண்டுபோய், முகத்தில் விழுகிற வெளிச்சத்தை அளப்பது. மூன்றிலும் துல்லியமானது அதுதான். விலை மற்ற இரண்டையும் சேர்த்தாலும் எட்டாது.

வீட்டுக்காரருக்குத் தேன்கூடு பிடித்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேட்டரி செலவு இல்ல பாரு" என்றார். பிறகு சும்மா இருக்க மாட்டாமல் கடைக்காரரிடம், "இவளுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? கண்ணாலயே சொல்லுவா. ஒரு மீட்டரும் கிட்ட நிக்க முடியாது" என்று அளந்துவிட்டார்.

"அப்படியா? வாங்க மேடம், வாசல்ல வச்சுப் பாத்துருவோம்." கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்றையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். எதிரே ஒரு கிடங்கின் சாம்பல் நிறச் சுவர். வானம் மூடிக்கிடந்தது. "நானூறு ஸ்பீடு பிலிம்னு வச்சுக்குங்க. அந்தச் சுவருக்கு எவ்வளவு?"

வீட்டுக்காரர் வேறு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும், தப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி என்று நினைத்தபடி சுவரைப் பார்த்தாள். ஈரம் ஊறிய இடம், காரை பெயர்ந்த இடம், மூலையில் யாரோ சாய்த்து வைத்த ஏணி. எண் எப்போதும்போல் தானாக வந்தது.

"ஷட்டர் நூத்தி இருபத்தஞ்சு. லென்ஸ் எட்டு."

கடைக்காரர் தேன்கூட்டைச் சுவருக்கு நேரே பிடித்தார். முள் ஒரு தடவை துடித்து நின்றது. "நூத்தி இருபத்தஞ்சு, எட்டு." சின்னதை எடுத்தார். "எட்டு." தெருவைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்று குமிழைப் பிடித்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "எட்டேதான் மேடம்! ஒரு துளி அதிகம், அவ்வளவுதான்!"

அவள் நம்பவில்லை. குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும். "உள்ள பாக்கலாம்" என்று முதல் ஆளாகக் கடைக்குள் நடந்தாள். கடைக்கோடியில் பெட்டிகள் அடுக்கியிருந்த அலமாரியைக் காட்டி "முப்பது, ரெண்டு புள்ளி எட்டு" என்றாள். தேன்கூட்டின் முள் அசையவே மறுத்தது. அந்த வெளிச்சம் அதற்குப் பற்றாது. மற்ற இரண்டும் முப்பது, இரண்டு புள்ளி எட்டு என்றன. மேசைக்கு அடியில், கடிகாரத்தின் முகத்தில், வீட்டுக்காரரின் வழுக்கையில் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள், கடைக்காரர் அளந்துகொண்டே வந்தார். வழுக்கையில் மட்டும் அரைப் புள்ளி பிசகியது.

"அது பளபளப்பு மேடம். மீட்டரே ஏமாந்துரும்" என்றார் கடைக்காரர்.

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்புறம் ஏங்க என் நெகட்டிவ் மட்டும் கறுப்பா வருது?"

குரல் உடைந்ததைக் கேட்டு வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் கேமராவை வாங்கி, பின்கதவைத் திறந்து, ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்துத் தட்டினார். கர்ர்ர் என்று இழுத்தது. நாலு நொடி கழித்துத்தான் மூடியது. நூற்று இருபத்தைந்தில் வைத்துத் தட்டினார். தன் கடையிலிருந்த அதே மாதிரிக் கேமராவையும் காதோரம் கொண்டுபோய்த் தட்டினார். அது கிளிக் என்றது. இவளுடையது கிளாக் என்று சாவகாசமாகச் சொன்னது.

"உள்ள எண்ணெய் காஞ்சு போச்சு. நீங்க கேட்டதப் போல நாலு பங்கு நேரம் திறந்து கிடக்குது. நீங்க சொன்ன கணக்கு சரி மேடம். கேமராதான் கேக்கல."

தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது தெரியாத மாதிரி, தினமும் கேட்ட சத்தம் மாறியதும் அவளுக்குத் தெரியவில்லை. கேமரா கெட்டிருக்கும் என்று அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை. நேராகத் தன் கண்ணில்தான் பழியைப் போட்டிருந்தாள். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. அவ்வளவு நேரமும் வராத அழுகை அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் மூக்கு ஒழுகியது.

"என்னம்மா ஆச்சு? முதுகு வலிக்குதா?" என்று பதறினார் வீட்டுக்காரர்.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். லேப்காரர் சொன்னது, அம்மாவின் லைட்டு, பதினாலாம் தேதி. அவர் அசையாமல் கேட்டார். தோளிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக இறக்கி மேசைமேல் வைத்தார்.

"அப்ப முதுகு?"

"முதுகு நல்லாத்தாங்க இருக்கு."

"ஒரு பாட்டில் தைலம்டி! என் விரலெல்லாம் வெந்து போச்சு!" கடைக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் கோபத்தை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் தலையில் கையை வைத்து, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஷட்டரைத் துடைக்கக் கேமராவைக் கடையிலேயே விட்டார்கள். இனி மீட்டர் எதற்கு என்று கடைக்காரரே கேட்டார். வேண்டும் என்றாள். இந்தக் கண்ணைச் சரி என்று சொன்ன சாமானை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. குமிழ் வைத்தது கைக்கு எட்டாத விலை. தேன்கூடு அழகுதான், ஆனால் விடியற்கால முதல் டிரிப்பின் மங்கல் வெளிச்சத்தில் கையை விரித்துவிடும். கட்டைவிரல் அகல மீட்டரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் மீட்டர் டாக்டர் ஆகிவிடாது என்று வீட்டுக்காரர் விடாப்பிடியாகச் சொன்னார். "பதினாலாம் தேதி நானும் வரேன்" என்றார். அவள் தலையாட்டினாள். போக முடியும் என்று இப்போது தோன்றியது.

பதினாலாம் தேதி டிப்போவின் மருத்துவ அறையில் டாக்டர் அவளுடைய கண்ணுக்குள் சின்ன விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். வாசலில் நின்ற வீட்டுக்காரர் கதவின் கைப்பிடியைத் திருகாமல் திருகிக்கொண்டிருந்தார். "நரம்பெல்லாம் நல்லா இருக்கு. வருஷா வருஷம் பாத்துக்குங்க, போதும்" என்று டாக்டர் எழுந்துகொண்டார். நர்ஸ் அவளை எழுத்துப் பலகைக்கு எதிரே நிறுத்தி ஒரு கண்ணை மூடச் சொன்னாள். அவள் உள்ளங்கையால் இடது கண்ணை அழுத்தி மூடிக்கொண்டு மேலிருந்து படித்தாள். பெரிய எழுத்து, அதற்குச் சின்னது, அதற்கும் சின்னது. கடைசி வரியும் முடிந்தது.

"போதும்கா, அவ்வளவுதான்."

"இன்னும் இருக்கும்மா" என்றாள் ஸ்டியரிங் அக்கா. பலகையின் அடி ஓரத்தில், எறும்பு வரிசை போல் ஓடிய அச்சகத்தின் பெயரை, விலாசத்தை, அதற்குப் பக்கத்திலிருந்த டெலிபோன் நம்பரை, ஒவ்வொரு எண்ணாக, வாசல் வரை கேட்கும்படி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.