தேசப்பன் படகில் எடுத்த அச்சு

நாலு வாரமாகியும் வெண்ணிலாவுக்கு ஒரு வேலையும் கைகூடவில்லை. ஒரு கலை அமைப்பினர் பழவேற்காட்டில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆறு வாரம் தங்கி அச்சுப்படமும் கைக்காகிதமும் செய்து பார்க்கச் சொல்லி ஐந்து நாட்டுக் கலைஞர்களை அழைத்திருந்தார்கள். அதில் பக்கத்து ஊர்க்காரி இவள் ஒருத்திதான். அனுப்பம்பட்டில் நெல் பயிரிடும் குடும்பம். பொன்னேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சர். மூன்று வருடம் விண்ணப்பம் போட்டு, சம்பளமில்லாத லீவில் வந்தவள். வந்ததிலிருந்து அச்சுக்காகப் படம் கீறிய பதினொரு தகடுகளை அமிலத்தில் போட்டாள். பதினொன்றும் பாழ்.

தாய்லாந்திலிருந்து வந்த மாலி, காலையில் மரச்சுத்தியலோடு உட்கார்ந்தால் மதியம்வரை அதே இடத்தில் மரப்பட்டைக் கூழை அடித்துக்கொண்டிருப்பாள். "நீயும் கொஞ்சம் உட்காரேன்" என்பாள் உடைந்த ஆங்கிலத்தில். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது.

தேறியது காகிதம் மட்டும்தான். சொந்த வயலின் வைக்கோலை சோடா போட்டு வேகவைத்துக் கூழாக்கி வார்த்த தாள்கள் முதலில் அப்பளமாக நொறுங்கின. பழைய வேட்டிகளை அரைத்துக் கலந்த பிறகு, நனைத்தாலும் கிழியாத தாள்கள் கிடைத்தன. அவற்றில் எதை அச்சிடுவது?

முடிவில் நடக்கவிருந்த கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று உச்சி வெயிலில் மைடப்பா, மல்துணி, ஈரத்தாள்கள் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கிளம்பிவிட்டாள். மணலில் ஒரு ஃபைபர் படகு கவிழ்த்துப் போட்டிருந்தது. அடிப்பாகமெங்கும் வருடக்கணக்கான கீறல்கள். நடுவில் முறம் அகலத்துக்குப் புது ஒட்டு. அவள் கையால் தடவிப் பார்த்தாள். இதைவிடப் பெரிய தகடு உலகத்தில் எங்கே கிடைக்கும்? சுற்றிப் பார்த்தாள். கேட்க ஆளில்லை. தேடவும் பொறுமையில்லை.

கறுப்பு மையை அழுத்தித் தேய்த்து, மேலாக இருந்ததைத் துணியால் துடைத்தெடுத்தாள். கீறல்களில் தங்கியதுதான் அச்சில் விழும். நான்கு தாள்களை ஒட்டவைத்துப் போர்த்தி, கரண்டி முதுகால் தேய்க்கத் தொடங்கினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கை தயங்காமல் வேலை செய்தது.

"ஏய்! எங்க படகுல இன்னா பண்ற?"

மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தவள் பூவிழி. படகுக்காரர் தேசப்பனின் மனைவி.

"அக்கா, நான் ஓவியக்காரி... ஒரு அச்சு எடுக்கத்தான்..."

"யாரக் கேட்டு எடுத்த? கல்லுல மோதி ஒரு மாசம் தொழிலுக்குப் போவல. நேத்துதான் ஒட்டு போட்டு வந்துச்சு. நாளைக்குக் காலைல கடல்ல எறக்கணும்னு மஞ்சா பூசி வச்சா, நீ கறுப்பு மைய அப்பிக்கினு நிக்கிற!"

வெண்ணிலா கரண்டியைக் கீழே போட்டாள். "தப்புதான்க்கா. மண்ணெண்ணெய் குடுங்க, நானே தொடச்சிடறேன்."

சத்தம் கேட்டு தேசப்பனே டின்னோடு வந்துவிட்டார். துடைப்பதற்காக அவள் தாளை உரித்தாள். உரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மெல்லிய கீறல்களெல்லாம் சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தன. ஒட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் நீண்ட ஒரு கோடு மட்டும், ஒன்றரை முழ நீளத்துக்கு, தொட்டால் தட்டுப்படும்படி கன்னங்கரேலென்று எழும்பியிருந்தது.

"அண்ணே, இது கீறல் இல்ல. ஆழம் இருந்தாத்தான் இவ்ளோ மை தங்கும்."

"ஒட்டு போட்டவன் பாக்காம விட்டிருப்பானா? சம்பந்தம் நல்ல வேலைக்காரன்மா" என்றார் தேசப்பன். இருந்தாலும் கையிலிருந்த மண்ணெண்ணெய் டின்னைப் படகில் அந்தக் கோடு இருந்த இடத்தின்மேல் சரித்துவிட்டு, படகுக்கு அடியில் தவழ்ந்து போனார். 

"பூவிழி," என்றார் உள்ளேயிருந்து. "இங்க சொட்டுது."

பூவிழி மணலில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அவள் அண்ணனும் அதே படகில் போவதாக இருந்தது.  சற்றுக் கழித்து எழுந்து கை நீட்டினாள்.

"அந்தக் காயிதத்தக் குடு. சும்மா சொன்னா சம்பந்தம் ஒத்துக்க மாட்டான். இதக் காட்டணும்."

வெண்ணிலா தாளை விடவில்லை. நாலு வாரத்தில் கிடைத்த ஒரே அச்சு. இப்படி ஒன்று இனி வாய்க்குமா? மண்ணெண்ணெய் ஊற்றிய படகில் மறுபடி மை பூச இவர்கள் விடமாட்டார்கள். 'போட்டோ எடுத்துக்குங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். பூவிழியின் முகத்தைப் பார்த்ததும் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மனம் கேளாமல் போய்ப் பார்த்தபோது, சம்பந்தம் அந்தத் தாளைப் படகின்மேல் விரித்து, கோட்டை ஒட்டியே கத்தியால் வெட்டி, அதை அளவாக வைத்து விரிசலைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒட்டுப்போடும் ரெசின் பசை பட்டதில் தாள் பலகையாக இறுகியிருந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபமென்று தெரியவில்லை. "கோடு சரியா காட்டிச்சிமா" என்றார் அவர், நிமிராமல்.

அதன்பிறகு குப்பத்தில் பேச்சு பரவியது. எல்லம்மா என்ற படகுக்காரி தன் படகிலும் விரிசல் உண்டா என்று பார்க்கச் சொன்னாள். முத்துராஜ் என்ற மீனவன் வந்து தன் படகுக்குக் கூட்டிப்போனான். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் மை தடவினாள். கண்காட்சி நாளுக்கு முன் நான்கு படகுகள் முடிந்தன. நான்கு அச்சும் சுத்தமாக விழுந்தன. எதிலும் விரிசல் இல்லை.

கண்காட்சியன்று சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பூவிழியும் வந்தாள். சுவரிலிருந்த அச்சுகளில் விரல் வைத்து, "இது எல்லம்மா படகு. இந்தக் கீறல் முகத்துவாரத்துல தரை தட்டினது" என்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலி கைதட்டினாள். எல்லோரும் பாராட்டினார்கள்.

வெண்ணிலா மட்டும் சுவரையே பார்த்தபடி நின்றாள். நான்கிலும் ஏதோ குறைந்தது. அந்தக் கன்னங்கரேல் கோடு. ஒரே ஒரு படகிலாவது அப்படி ஒரு விரிசல் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு கேட்டது. அது பூவிழியின் காதில் விழுந்துவிட்டதுபோல் திடுக்கிட்டு, பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்தாள். "இன்னாம்மா?" என்றாள் பூவிழி.

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் நிற்கப் பிடிக்காமல், பழவேற்காட்டு ஏரிக்கரையோரமாக வேகவேகமாக நடந்தாள்.