காய்ச்சல் லீவ் லெட்டர்

1

என் மேல் தப்பில்லை என்று காட்டத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: 'செஞ்சிக் கோட்டையின் மேல் மேகங்கள்—'

அடித்துவிட்டேன். கோட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைத்தெருவில், பாத்திரக்கடை மாடியில், இங்கிலீஷ் எழுதச் சொல்லித்தருகிறேன். அவ்வளவுதான்.

2

சுவாதி தளவானூர்ப் பெண். நர்சிங் முடித்தவள். வெளிநாட்டு வேலைக்கான எழுத்துத் தேர்வு நாளை மதியம், சென்னையில். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அவள் பேனா 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றுதான் தொடங்கும்.*

(*காய்ச்சலால் அவதிப்படுவதால் லீவு வேண்டும். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ஒரே கடிதம். அத்தை கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல்தான்.)

கடைசியாக அவள் வந்த அன்று, "பத்து நிமிஷம் தாள்லேர்ந்து பேனாவ எடுக்காம எழுது. தப்பு வந்தா வரட்டும்" என்றேன்.

எழுதினாள். நிற்கவே இல்லை. ஒன்பதாவது படிக்கையில் அவள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, காய்ச்சல். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. நைனாவுக்காக லீவு கேட்கும் லெட்டர் அவளுக்குத் தெரியாது. தனக்கே காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நான்காம் நாள் நைனா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்குப் போனபோது டீச்சர் கேட்டது: "இன்னாடி, ஜொரம் வுட்டுச்சா?"

3

இந்த இடத்தில் என்னை நல்லவளாகக் காட்ட மூன்று முறை முயன்றேன். வரவில்லை. நடந்தது இதுதான்: படித்தேன், கண் கலங்கியது, கை அதுபாட்டுக்குச் சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினேழு வட்டம் போட்டது. தொட்டில் பழக்கம்.

சுவாதி தாளையே பார்த்தாள்.

"தப்பு வந்தா வரட்டும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க?"

"இல்ல சுவாதி, டென்ஸ் மட்டும்..."

"நைனா செத்ததுக்கு எத்தினி மார்க்கு மிஸ்?"

மூன்று நாளாக அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

4

முடிவு அ: தேர்வில் சுவாதி வெளுத்துவாங்குகிறாள். (என் மன சமாதானத்துக்காக எழுதியது. நம்பாதீர்கள்.)

முடிவு ஆ: நான் பஸ் ஏறித் தளவானூரில் அவள் வீட்டு வாசலில் நின்று—

நின்று என்ன சொல்வது?

வாட்ஸப்பில் மன்னிப்பாவது கேட்கலாமென்று உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷமாக ஊருக்கே எழுதச் சொல்லித்தருகிறவள். அடித்து அடித்து எழுதியதில் கடைசியாக மிஞ்சிய வரி இது:

'அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், சுவாதி.'

இன்னும் அனுப்பவில்லை. காலையில் அவள் பஸ் ஏறுவதற்குள் வேறொரு வரி வேண்டும். நீங்கள்தான் எழுதித் தரவேண்டும். தப்பு வந்தால் வரட்டும்.